நன்றி ஆராதனையில் சகாயம்

சகாயம் மைக்கைப் பிடித்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. என் கணவர் டேவிட்சனும் அவரும் ஓர் அரபு நாட்டில் ஒரே அறையில் தங்கி, தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்த்தவர்கள். போன வருஷம் அந்த நாட்டு உளவுத்துறை இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போனது. சகாயம் மட்டும் வீடு வந்து சேர்ந்துவிட்டார். டேவிட்சன் என்று யாரையும் நாங்கள் பிடிக்கவே இல்லை என்று நம் தூதரகத்துக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். பிடிக்காத ஆளை எப்படி விடுவார்கள்?

பிடித்ததற்குக் காரணம் கோயமுத்தூர்க்காரர்களின் பழக்கம்தான். பம்பு பழுதானால் அதை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, நம்மூர்க் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஸ்பேர் கேட்பார்கள். அங்கே பம்புக்குப் பின்னால் ராணுவ முகாமின் வேலி இருந்திருக்கிறது. வேலியை எந்த மெக்கானிக் பார்ப்பான்?

சகாயம் ஊர் வந்த அன்றே அவரிடம் ஓடினேன். "வேற வேற வண்டில ஏத்தினாங்க அம்மணி, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கையைக் கூப்பினார். நம்பித் தொலைத்தேன்.

ஆனால் எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்தவருக்கு நாக்கு சும்மா இருக்காது. பட்ட பாடு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய அல்லேலூயா கிடைக்கும். கீபோர்டு வாசிக்க வாசிக்க சகாயத்துக்கும் ஆவேசம் வந்துவிட்டது.

"பக்கத்து ரூம்புல டேவிட்சனப் போட்டு அடிச்சாங்க. அடுத்தது நாந்தான்னு கெடந்தேன். அந்தப் போட்டோவ நான் எடுக்கலீன்னு சொல்றதுக்குக் கர்த்தர் எனக்குத் தைரியம் குடுத்தாருங்க!"

சபையே கை தட்டியது. பெண்கள் பக்கம் நான் உட்கார்ந்திருந்ததை அவர் அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் சண்டே கிளாஸ் அறைக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

"ஏனுங்க, அவரு அங்க இருக்கறாருன்னு ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"வெளிய சொல்லக்கூடாதுன்னு மெரட்டித்தான் அனுப்புனாங்க அம்மணி. என்ற தம்பி இன்னும் அங்கதானுங்க வேல செய்யறான்."

"போட்டோ எடுத்தது யாருங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தானுங்க."

அடிக்கக் கை எழுந்தது. அடித்தால் என் புருஷன் வந்துவிடுவாரா? போனில் ரெக்கார்டிங் போட்டு மேசைமேல் வைத்தேன். பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் தூதரகத்துக்காக அதில் சொல்லச் சொன்னேன்.

"என்னைய மன்னிச்சுப்போடுங்க" என்று அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"உங்க தம்பி வேல செய்யற கம்பெனி எனக்குத் தெரியுமுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "போட்டோ எடுத்தது சகாயம்னு அந்த உளவுத்துறைக்கே ஒரு மெயில் போட்டாப் போதும். உங்களப் புடிக்க முடியாதுங்க. கையில கெடக்கற தம்பியத் தூக்குவாங்க."

அவர் முகம் வெளிறியது. குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த ஆட்களுக்கு இவர் எப்படி அடங்கிப் போனார் என்று எனக்கு அப்போது புரிந்தது. மிரட்டுவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

கேட்கக் கேட்கச் சொன்னார். வெளியே விடும்போது கண்கட்டை அவிழ்த்ததால் கட்டடத்தைப் பார்த்திருக்கிறார். எந்த ஊர், எந்த ரோடு, எதிரே என்ன இருந்தது, எல்லாம் வந்தது. நடுவில் தண்ணீர் கேட்டார். முடித்துவிட்டுக் குடிக்கச் சொன்னேன்.

"பக்கத்து ரூம்புல கத்தினது டேவிட்சன்தான்னு எப்படித் தெரியுமுங்க?"

சகாயம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "டீனா, டீனான்னு உங்க பேரச் சொல்லித்தானுங்க கத்தினான், அம்மணி."

போனை அவர் வாயருகே நகர்த்தினேன்.

"போன்ல குரல் சரியா உழுகலைங்க. இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க."