பாரம் இறங்கும் இடம்

அக்காவின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான் தம்பி. எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை. சன்னல் திரை காற்றில் ஊதிப் பெருத்து மெல்ல அடங்கியது. பிற்பகல் வெயில் தரையில் தண்ணீர் போல அசைந்தது.

கட்டடம் எழும் இடங்களில், மேடும் பள்ளமுமான மண்ணில், பாரம் தூக்கி இறக்கும் பெரிய சக்கர ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள் அவள். கீழே நின்று சிக்னல் காட்டியவன் அவன். வீட்டில் டிவி ரிமோட்டுக்குக்கூட எலியும் பூனையும்தான். வேலையிலோ, அவன் கை சொல்லாமல் அவள் ஒரு செங்கல்லையும் தூக்கமாட்டாள். நோய் முற்றிய பிறகுதான் வண்டியை விட்டு இறங்கினாள்.

இப்போது அவளுடைய வலது கை போர்வையின் மேல் எதையோ பிடித்திருந்தது.

"மண்ணு எப்படிடா இருக்கு?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அந்தக் கை வளைந்திருந்த விதத்தைப் பார்த்ததும் விளங்கியது. லீவரைப் பிடித்திருக்கிறாள்.

"காஞ்சு கெட்டியா இருக்குக்கா."

"சரிவு?"

"இல்ல. சமமாத்தான் இருக்கு."

"பாரம் ரொம்ப ஒசரத்துல நிக்குதுடா. எறக்கணும்."

"எறக்குக்கா. மெதுவா."

அவள் இறக்கவில்லை. மூச்சு மேலே போய் அங்கேயே தொங்கியது. கண்கள் அவனை முறைத்தன.

"கீழ ஆள் நிக்குது."

"யாருமில்லக்கா."

"நீதான்டா நிக்குற. பாரத்துக்குக் கீழ நிக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

அவன் பாதங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"தள்ளிப் போடா, கண்ணு."

அவள் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. அவள் பாதங்களிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தான். பின்னோக்கி நடந்தான். அறை நீண்டுகொண்டே போவது போலிருந்தது. கடைசியில் சுவர் முதுகில் முட்டியது.

"வந்துட்டேன்க்கா. இப்ப யாருமே இல்ல. எறக்கு."

அவள் கை போர்வையில் இம்மி இம்மியாக முன்னே நகர்ந்தது. மூச்சு இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. திரும்ப ஏறவில்லை. பிறகு, மண்ணில் பாரம் உட்காரும்போது வருமே ஒரு நிதானம், அது அவள் முகத்தில் வந்தது. திரை மறுபடி ஊதிப் பெருத்தது.

அக்காவின் கணவர் டீயோடு உள்ளே வந்தார்.

"என்னப்பா, அங்க போய் நிக்குற? தூங்கிட்டாளா?"

தம்பி சுவரை விட்டு வந்து, முதலில் அவர் கையிலிருந்த சூடான டம்ளரை வாங்கிக்கொண்டான்.