விடுபட்ட எண்கள்

"அம்மா போட்டோ ஒண்ணு அனுப்புங்கப்பா. நினைவு அட்டைக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பிரஸ்ல கொடுக்கணும்" என்று லிசி சென்னையிலிருந்து போன் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் போய் எதைக் கேட்கிறாள்?

"ஒண்ணு என்னம்மா, ஒன்பது அனுப்புறேன்" என்றேன்.

என் மனைவி செல்வமேரி இறந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் முடிகிறது. பொன்மலை கோயிலில் அவளுக்காகப் பூசை. பூசைக்கு வருகிறவர்களுக்கு அவள் படமும் ஒரு ஜெபமும் போட்ட அட்டை கொடுக்க வேண்டும். லிசியின் செல்போனில் அம்மா நிறைய இருக்கிறாள். ஆனால் எல்லாம் கடைசி எட்டு மாதத்துப் படங்கள். முடி கொட்டி, கன்னம் ஒட்டி, ஆஸ்பத்திரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். அந்த முகத்தோடு அவளை ஊருக்குக் காட்ட எங்கள் இருவருக்குமே மனசில்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பது இருபத்திரண்டு வயசுப் பெண். ஆதார் அட்டையில் இருப்பது யாரென்று எனக்கே தெரியவில்லை.

என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருஷமாக டிஜிட்டல் கேமரா வைத்திருக்கிறேன். நாற்பத்தோராயிரம் படங்கள். தேதி வாரியாக, ஊர் வாரியாக ஃபோல்டர்கள். எதை எடுத்தாலும் மூன்று பிரதி: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்கில், மூன்றாவது லிசி வீட்டில். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் காற்றுப் புகாத டப்பாவும், அதற்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் உண்டு. "கட்டினவளுக்குச் சளி பிடிச்சாக்கூட இவ்வளவு கவலைப்பட மாட்டீங்க" என்பாள் மேரி.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தேடினேன். முக்கொம்பில் கொக்கு இருந்தது. மலைக்கோட்டை மேல் மேகம் இருந்தது. பழைய நீராவி எஞ்சின் பதினெட்டுக் கோணங்களில் இருந்தது. மேரி இல்லை. இத்தனை ஊருக்கும் என்னோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் ஒரு ஃபோல்டரிலும் இல்லை.

எப்படி இருப்பாள்? பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தொரு வருஷம் நான் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன். மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஓரங்கட்டுவதுதான் வேலை. வேலையை வாசலோடு விட்டுவிட்டு வரத் தெரியாத ஜென்மம் நான். எங்கேயாவது போய் வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து குறையுள்ள படங்களையெல்லாம் அழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் மூன்று பிரதி எடுப்பேன். மேரி படம் ஒன்றும் தேறாது. எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருப்பாள். "ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து வைக்க முடியாதா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே அழிப்பேன். ஊசி போகிற இடம் பார்ப்பான், உலக்கை போகிற இடம் பார்க்கமாட்டான் என்பது என்னைப் போன்றவனுக்காகச் சொன்னதுதான்.

புதன்கிழமை காலையில்தான் அது கண்ணில் பட்டது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக ஒரு எண் கொடுக்கும். காவிரிப் பாலத்தில் நின்று ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எடுத்த ஒரு ஃபோல்டர். 4110, 4111, 4112. அடுத்தது 4144. நடுவில் முப்பத்தோரு எண்கள் இல்லை. வேறொரு ஃபோல்டரைத் திறந்தேன். அங்கே ஏழு இல்லை. இன்னொன்றில் மூன்று. எண் விடுபட்ட இடத்திலெல்லாம் மேரி நின்றிருக்கிறாள். நாற்பத்தோராயிரம் படங்களுக்கு நடுவே உட்கார்ந்து அன்றைக்கு அழுதேன். தோளைத் தொட வீட்டில் ஆள் இல்லை.

அந்தப் பாலத்து ஃபோல்டர் ஒன்பது வருஷம் முந்தியது. அதை எடுத்த மெமரி கார்டு கொள்ளளவு போதவில்லையென்று, அந்தப் படங்களைக் காப்பி செய்த கையோடு அழித்துத் துடைத்துவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கினேன். பழையதைத் தூக்கிப் போட மனசில்லாமல் கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்தது ஞாபகம் வந்தது. இருந்தது. எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் கேமரா ரிப்பேர் கடை வைத்திருப்பவர் ஷரபுன்னிசா. என் கேமராவின் ஷட்டரை ஒருமுறை மாற்றிக் கொடுத்தவர்.

"அழிச்சப்புறம் இதுல வேற ஏதாச்சும் எடுத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் எடுக்கலம்மா. அப்படியே வச்சுட்டேன்."

"அப்ப வரும். அழிச்சாலும் மேல புதுசா எழுதுற வரைக்கும் உள்ளதான் கிடக்கும். உக்காருங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. திரையில் கட்டங்கட்டமாகப் படங்கள் வர ஆரம்பித்தன. முதலில் கோபுரம். அப்புறம் அவள். நீலப் புடவை, பாலத்துக் கைப்பிடியில் ஒரு கை, பின்னால் ராஜகோபுரம். கன்னத்தில் சதை இருந்தது. தலை நிறைய முடி இருந்தது. முப்பத்தோரு படத்திலும் கண் மூடியிருந்தது.

ஷரபுன்னிசா படங்களின் நேரத்தைப் படித்துப் பார்த்தார். "மொதப் படம் ஆறு நாப்பது. கடைசிப் படம் ஏழு முப்பத்தஞ்சு. அம்பத்தஞ்சு நிமிஷம் ஒரே எடத்துல நிக்கிறாங்க சார். வெயில் வேற பக்கவாட்டுல அடிக்குது."

அந்தக் காலை அப்படியே திரும்பி வந்தது. நான் ட்ரைபாடைச் சரிசெய்கிறேன். கோபுரம் நேராக நிற்கிறதா என்று பார்க்கிறேன். லாரி போனால் பாலம் அதிர்கிறது, அது அடங்கட்டும் என்கிறேன். வெளிச்சத்தைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன். "ரெடியா?" என்கிறேன். அவள் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் மறுபடி ஃபோகஸைத் திருகுகிறேன். "சீக்கிரம் எடுங்க, கண்ணு கூசுது" என்கிறாள். அழுத்துகிறேன். பார்த்துவிட்டுத் திட்டுகிறேன். மறுபடியும் முதலிலிருந்து. அவள் ஒருமுறையும் எதிர்த்துப் பேசவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது இதுதான்.

"கண்ணைத் தொறந்துடலாம் சார், இப்ப சாஃப்ட்வேர் இருக்கு" என்றார் ஷரபுன்னிசா. நான் பதில் சொல்லுமுன் திறந்தும் விட்டார்.

கண் பளிச்சென்று இருந்தது. நிழல் விழுகிற பக்கம் சரி, இமை மடிப்பு சரி. முப்பத்தொரு வருஷ இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பார்வைக்கு என்னை யாரென்று தெரியவில்லை. மேரி என்னைப் பார்த்தால் அதில் கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் கேலியும் இருக்கும். இவள் யாரோ ஒருத்தி, மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிஜெக்ட்ம்மா" என்றேன். "பழையபடி மூடிடுங்க."

அவர் மூடினார். கடைசிப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன், ஏழு முப்பத்தைந்து. கண் மூடியிருந்தது, உதடு மட்டும் லேசாகத் திறந்திருந்தது. 'முடிஞ்சுதா?' என்று கேட்க வாயெடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து லிசிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அப்பா, எவ்ளோ அழகா இருக்காங்க அம்மா! ஆனா கண்ணு மூடியிருக்கேப்பா. நினைவு அட்டையில போட்டா எல்லாரும் ஒரு மாதிரி நினைப்பாங்க. வேற இல்லையா?"

"முப்பத்தோரு படம் இருக்கும்மா. எல்லாத்துலயும் மூடித்தான் இருக்கா."

"அதெப்படிப்பா எல்லாத்துலயும் மூடுவாங்க? நீங்க சொல்லவே இல்லையா, கண்ணைத் தொறந்து வைன்னு?"

சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன். போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அவ தொறந்து வச்சுக்கிட்டுத்தாம்மா நின்னா" என்றேன். "நான்தான் லேட்டா அழுத்தினேன்."