எட்டாம் நம்பர் பூட்ஸ்

பழைய பூட்ஸ் அந்தக் குளிர்காலத்தின் முதல் வாரத்திலேயே வாயைப் பிளந்துவிட்டது. வலது காலின் முனையில் ஒட்டு விட்டுப்போய், பனியும் சேறும் கலந்த தண்ணீரை நடக்க நடக்க உறிஞ்சிக்கொண்டது. அதைக் கண்டுபிடித்தது அதைப் போட்டுக்கொண்டு நடந்தவர் அல்ல, அவருடைய மனைவி. சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட காலுறையைப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வந்தது.

"என்னங்க இது, நாள் பூரா இந்த ஈரத்துலயா நடந்தீங்க? ஒண்ணுமே தெரியலையா?"

"இருபத்தி ரெண்டு வருஷமா நடக்கிற காலும்மா. மரத்துப் போச்சு" என்று சிரித்தார்.

அவளும் சிரித்துவிட்டு, காலுறையை அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டாள்.

அவர் நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் கசிவு பார்ப்பவர். ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்றைத் தெருவிலுள்ள வால்வின் மேல் ஊன்றி, மேல் நுனியில் காதை வைத்துக் கேட்பார். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் கைகாட்டிய இடத்தைத் தோண்டி ஏமாந்தவர்கள் குறைவு. வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'காது'தான். குளிர் இறங்கினால் குழாய்கள் வெடிக்கும். அப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மைல் நடை. ஐந்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். மற்றபடி ஆள் திடமாகத்தான் இருந்தார்.

அவளுக்கு வேலை தோல் பைத் தொழிற்சாலையில், தையல் சரிபார்க்கும் மேஜையில். தோலைப் பற்றி அவளிடம் யாரும் கதைவிட முடியாது. நகத்தால் ஒரு கீறு கீறினால் போதும், முழுத் தோலா, மேலே சாயம் பூசிய மட்டத் தோலா என்று தெரிந்துவிடும். அதனால் பூட்ஸ் வாங்குகிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை ஒட்டின பூட்ஸ் கிடையாது. அடியைச் சுத்தித் தைச்சதா இருக்கணும். லேஸுக்கு அடியில இருக்கிற நாக்கை மேல வரைக்கும் ரெண்டு பக்கமும் சேர்த்துத் தைச்சிருக்கணும், அப்பத்தான் பனி உள்ள போகாது. பத்து வருஷம் உழைக்கணும்."

"பத்து வருஷம் கழிச்சு நானே வேலையில இருக்க மாட்டேன்."

"அப்பக் காலாற நடக்கப் போட்டுக்குங்க."

இரண்டு சனிக்கிழமை கால்கடுக்க அலைந்து, நான்கு கடை ஏறி இறங்கினார்கள். முதல் மூன்றில் அவள் பூட்ஸைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, திருப்பி வைத்தாள். நான்காவது கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த கடைக்காரர், இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார். ஒன்று அகலமானது, உள்ளே கம்பளி வைத்தது, பிடித்தால் மெத்தென்று இருந்தது. ஆனால் அடி ஒட்டியது. இன்னொன்றைத் தொட்டதுமே அவளுக்கு விட்டுவிட மனமில்லை. தடித்த மாட்டுத்தோல். எண்ணெய் ஊறி உள்வரை ஒரே நிறம். அடியைச் சுற்றி மெழுகு நூலில் நெருக்கமான தையல், ஓர் இடத்தில்கூட நூல் தப்பவில்லை. தன் மேஜைக்கு இப்படி ஒரு தையல் வந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"இதுல எட்டு நம்பர்தாம்மா இருக்கு" என்றார் கடைக்காரர். "சாருக்கு ஒன்பது போட்டா நல்லது. ரெண்டு வாரத்துல வரும்."

"ரெண்டு வாரம் குளிர் காத்துட்டு நிக்குமா? தோல்தானே, போடப் போட இளகும்."

"மேல் தோல் இளகும். முனை இளகாதும்மா. உள்ள கெட்டித் தோல் வெச்சிருக்கு."

அவர் உட்கார்ந்து, காலை நுழைத்து, லேஸை இழுத்துக் கட்டி எழுந்து நின்றார். கடையின் நீளத்துக்குப் போய்த் திரும்பினார்.

"கடிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"விரலை ஆட்டிப் பாருங்க."

"ஆடுது."

அவள் குனிந்து வலது பூட்ஸின் முனைக்குப் பின்னாலிருந்த மெல்லிய மடிப்பில் கண்ணை வைத்திருந்தாள். விரல் ஆடினால் அந்த இடம் லேசாகவாவது ஏறி இறங்க வேண்டும். ஏறவில்லை. 'தடித்த தோல், வெளியே தெரியாது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கடைக்காரர் மெத்தென்றிருந்த ஜோடியை இன்னொரு தரம் முன்னால் நகர்த்தி வைத்தார். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதையே கட்டிக் குடுங்க" என்றாள்.

பூட்ஸ் உழைத்தது. அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அந்த மாதம் நகரமே உறைந்து கிடந்தது. வடக்குப் பகுதியில் ஒரே வாரத்தில் பதினேழு இடத்தில் குழாய் வெடித்தது. பதினோரு நாள் விடுப்பில்லாமல் போய் வந்தார். காலுறை உலர்ந்தே இருந்தது. "ஒரு சொட்டு உள்ள போகல. கூட இருக்கிறவனுங்களுக்குப் பொறாமை" என்று வாய்கொள்ளாச் சிரிப்போடு சொன்னார். அவளும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எண்ணெய் தடவித் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தாள்.

மூன்றாவது வாரம் வலது காலுறையின் நுனியில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. உள்தோலின் சாயம் வியர்வையில் இளகியிருக்கிறது என்று எண்ணினாள். புதுத் தோலில் அது நடப்பதுதான். குளிர்ந்த தண்ணீரில் கசக்கினாள், போய்விட்டது. மறுநாளும் கறை, மறுநாளும் கசக்கினாள். தோல் சாயம் பச்சைத் தண்ணீரில் அத்தனை சுலபமாகப் போகாது என்பது தொழிற்சாலையில் சேர்ந்த முதல் மாதமே அவள் கற்றது. கை அதை அறிந்திருந்தும் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அலமாரியை நகர்த்தினாள். கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். கட்டிலின் மேல் அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். காலையிலிருந்து லேசான காய்ச்சல். துடைப்பத்தோடு நிமிர்ந்தபோது கம்பளியின் கால்பக்கம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. நாற்றம் அங்கிருந்துதான்.

கம்பளியை விலக்கினாள். அவர் காலுறையைக் கழற்றாமலே படுத்திருந்தார். உருவப் போனால் நுனி ஒட்டிக்கொண்டு வரவில்லை. வெந்நீரில் நனைத்து மெல்ல உரித்தாள். சுண்டுவிரலும் அடுத்த இரண்டும் கறுத்து, அவற்றுக்கடியில் பாதத்தின் ஓரம் புண்ணாகித் திறந்திருந்தது.

"வலிக்கலையா?" என்றாள். மறுபடி கேட்டாள். "ஏங்க, இது வலிக்கலையா உங்களுக்கு?"

அவர் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். பேச்சில் கண்டிப்பு, கையில் பதற்றமில்லை. ஒரு மெல்லிய நைலான் நரம்பால் அவர் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியல டாக்டர்" என்றார். எட்டு இடத்திலும் அதே பதில். அழுகல் முழங்கால்வரை போகாமல் காப்பாற்றுவதென்றால் பாதத்தின் முன்பாதியை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே எடுத்தார்கள்.

மூன்றாம் நாள், காய்ச்சல் விட்டதும், அவராகவே சொன்னார். உணர்ச்சி குறைய ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறதாம்.

"எங்க ஆபீஸ்ல மீட்டர் பாத்துட்டிருந்தாரே ஒருத்தர், நம்ம வீட்டுக்குக்கூட ரெண்டு தடவை வந்தாரு. கால் மரத்துப் போகுதுன்னு வாயைத் திறந்து சொன்னாரு. தெருவுல விட மாட்டோம்னு குடோன்ல உக்கார வெச்சாங்க. ஆறு மாசத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதைப் பாத்தப்புறம் நான் எப்படிச் சொல்லுவேன்?"

"வருஷா வருஷம் உங்க ஆபீஸ் டாக்டர் பரிசோதிக்கிறாரே?"

"அவரும் இதே நைலான் நரம்பைத்தான் வெச்சுத் தொடுவாரு. கண்ணை மூடிக்கச் சொல்லுவாரு. அவர் சட்டை கஞ்சி போட்டது. கையை நீட்டுறப்ப மொடமொடன்னு உரசும். அந்தச் சத்தம் கேட்டதும் தெரியுதுன்னுடுவேன். மூணு வருஷமும் ஒரு தப்புக்கூட இல்ல" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க."

"உங்கிட்ட சொன்னா நீ என்னை வேலைக்கு விட்டிருப்பியா?"

அவள் கம்பளியை இழுத்து அவர் காலை மூடினாள்.

அவருடைய அக்கா வந்தாள். தம்பியின் கட்டைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் வராந்தாவில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்ஸ் வாங்கப் போறேன்னு கூட்டிட்டுப் போயி எந்தம்பி காலை வாங்கிட்டு வந்திருக்கியே. தோல் தெரியும், தையல் தெரியும்னு பீத்திக்குவியே. கட்டினவன் கால் தெரியலையா உனக்கு?"

"அவர் சொல்லலை அண்ணி."

"சொன்னாத்தானா? கூடத்தானே இருக்கே!"

பக்கத்தில் ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் சுவரோரமாக நின்று, சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். அவர் விஷயத்தை மறைத்தார் என்று எடுத்துச் சொல்லி வாயை அடைத்திருக்கலாம். ஆனால் பூட்ஸ் மடிப்பு ஏறாமல் இருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. அதை வைத்துக்கொண்டு யாரோடு வாதாடுவது?

வீட்டுக்கு அழைத்து வந்த பத்தாம் நாள், அவரோடு வேலைக்குப் போய்ப் பள்ளம் தோண்டும் ஆள் பார்க்க வந்தார். வாட்டசாட்டமான மனிதர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு வானிலையைப் பற்றியே பேசினார். அவர் கண் அடிக்கடி கதவோரம் போய் வந்தது. அங்கே பூட்ஸ் எண்ணெய் மினுங்க நின்றிருந்தது. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் எட்டு நம்பர்தான். சும்மா கிடக்குதேன்னு..."

அவள் பூட்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தையல் டப்பாவிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து இடது பூட்ஸுக்குள் போட்டாள். வெளியே கொண்டுவந்து, "போட்டு நடந்து காட்டுங்க" என்றாள்.

அவர் போட்டுக்கொண்டு மூன்று அடி வைத்தார். முகம் சுளித்தது. "இடது கால்ல என்னமோ உறுத்துதுங்களே?"

"என்னன்னு சொல்லுங்க."

"சின்னதா, வட்டமா... பொத்தானா?"

"எடுத்துப் போட்டுட்டு நீங்களே கொண்டு போங்க" என்றாள்.

கட்டிலில் கிடந்தவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளம் தோண்டுகிறவர் நன்றி சொல்லிப் புறப்பட்டபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். படியிறங்கும் கனத்த காலடி தெருமுனைவரை கேட்டிருக்கும், அவருக்கு.

குளிர் விடுவதற்குள் அலுவலகத்திலிருந்து மூன்று வரிக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டின்படி, பரிசோதனையில் உண்மையை மறைத்ததால் உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவும் தர இயலாதாம். அவர் ஒரு தரம் படித்தார். மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார். அக்கா போனில் அவரோடு மட்டும் பேசினாள்.

இன்னொரு காலையும் தினமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் கைகழுவி, அவரை முக்காலியில் உட்கார வைத்து, இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் ஓரம் எல்லாவற்றையும் பார்ப்பாள். அவர் அந்த நேரத்தில் எங்காவது பார்த்துக்கொண்டிருப்பார். கூச்சம் போகவில்லை. ஒரு நாள் குதிகாலில் காசளவுக்குச் சிவந்திருந்தது. கட்டில் சட்டத்தில் உரசியிருக்கிறது. அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, எட்டு நாள் கட்டுப்போட்டு ஆறவைத்தார்கள்.

கட்டைப் பிரித்த அன்று சாயங்காலம், கால் மடியில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"கடையில உங்க விரல் ஆடல. நான் பாத்தேன்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"பூட்ஸ் போட்டுப் பாத்தப்ப. ஆடுதுன்னு சொன்னீங்க. ஆடலைன்னு எனக்குத் தெரிஞ்சுது. தையல் நல்லா இருந்துச்சு, அதை விட்டுட்டு வர மனசில்ல. அதான் பேசாம இருந்துட்டேன்."

வெளியே யாரோ பனியை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது நின்று, மறுபடி தொடங்கியது.

"அப்பவே பாத்தியா?" என்றார். அவ்வளவுதான். காலை அவள் மடியிலிருந்து இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி எழுந்து, வலது குதிகாலை ஊன்றி ஊன்றி உள்ளே போய்ப் படுத்தார். அன்று இரவு இருவரும் பேசவில்லை. மறுநாள் காலையிலும் பேசவில்லை. தொழிற்சாலையில் அவள் கையிலிருந்து மூன்று பைகள் தப்புத் தையலோடு போய்த் திரும்பி வந்தன.

சாயங்காலம் பயந்துகொண்டேதான் வீட்டுக்கதவைத் திறந்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காலுறையைத் தானே கழற்றி, டார்ச்சைப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே தரையில் உட்கார்ந்ததும், காலை நீட்டினார்.

அதைப் பற்றி அவர்கள் பிறகு ஒருநாளும் பேசவில்லை.