நெகட்டிவ் எங்களிடம் உள்ளது

அமர்ந்திருந்தவர்கள், இடமிருந்து வலமாக: அம்மா, பெரியக்கா, அத்தை. மூன்று பேருக்கும் சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள். நடு நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பதால் அதன் அடியில் காலித் தீப்பெட்டி. நின்றவர்கள்: பெரியக்காவுக்கு நேர் பின்னால் அப்பா, அவருக்கு ஒரு முழம் தள்ளி, அத்தையின் பின்னால் சின்னக்கா. படத்துக்கு வெளியே, முக்காலி மேல் ஏறி, வெள்ளைப் போர்வையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி தம்பி. எல்லோருக்கும் எதிரே, ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, அத்தையின் மகன். வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் வேறு. தெரு வைத்த பெயர் ஃபோகஸ்.

இடம், வீட்டுக் கூடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கதவுகள் இரண்டும் திறந்திருந்தும் வெளிச்சம் போதவில்லை என்று ஃபோகஸ் சொன்னதால், அதைத் திருப்பிவிடத் தம்பி போர்வையும் கையுமாக மேலே ஏறியிருந்தான்.

"நீயும் வந்து நில்லுடா, எல்லாரும் இருக்கணும்னுதானே கேட்டேன்" என்றாள் பெரியக்கா.

"நான் லைட்டிங் டிபார்ட்மெண்ட், பெரியக்கா. நான் வந்துட்டா எல்லாரும் இருட்டாயிடுவீங்க."

பெரியக்கா நர்ஸ். கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் இரண்டே நாளில் பயணம். வேலைக் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் எதற்கு என்று ஒரே ஒரு முறை கேட்டார்; அவள் சொன்ன பதில் பிடிக்கவில்லை; வாயை மூடிக்கொண்டார். அவள் எதிரிலேயே நிற்பாள். அவர் அம்மாவைப் பார்த்து, "சூட்கேஸுக்குப் பூட்டு வாங்கியாச்சான்னு கேளு" என்பார். அம்மாவும் திரும்பி, "வாங்கியாச்சாம்மா?" என்பாள். இப்படி நடுவில் நின்று அம்மாவுக்குக் கழுத்தே வலிக்க ஆரம்பித்திருந்தது.

கிளம்பும்முன் பெரியக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. அப்பா அதற்கும் வருவதாக இல்லை. அவருடைய அக்காவான அத்தை, "எழுந்து வாடா. வந்து நின்னா உன் வீராப்பு ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்று போட்ட போடில்தான் வந்து நின்றார்.

தெருமுனை ஸ்டுடியோக்காரரைத்தான் அம்மா முதலில் சொல்லி வைத்திருந்தாள். தம்பி போய், "நீங்க சிரமப்படாதீங்க, வீட்டுலயே ரெண்டு ப்ரொஃபெஷனல் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவரும், "ரொம்ப நல்லது. கழுவறதுக்கு மட்டும் கொண்டு வாங்க" என்றாராம்.

ப்ரொஃபெஷனல்களின் கையில் கேமரா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கப்பலில் வேலை பார்த்து ஊர் திரும்பிய ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது அது. தோல் உறையைத் திறந்தால் புதுச் செருப்பும் பழைய அலமாரியும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். சின்னக்காவுக்கு அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது காற்றில் வந்தால் அந்தக் கூடம் முழுக்கத் திரும்ப வந்துவிடும். கேமராவோடு ஒரு விளக்கப் புத்தகமும் வந்தது. எந்த நாட்டு மொழியென்று யாருக்கும் புரியவில்லை. அதிலிருந்த படங்களை மட்டும் பார்த்தே இருவரும் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார்கள். குடித்த மறுநாளே ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தார்கள்.

'ஃபோகஸ் & பிரதர், தொழில்முறைப் புகைப்படக் கலைஞர்கள். நெகட்டிவ் எங்களிடம் பத்திரமாக உள்ளது. மறுபிரதி கிடைக்கும்.'

ஊதா மை. படம் ஒன்றும் இன்னும் கைக்கு வராததால் ஸ்டாம்பை நாள்காட்டியில் குத்தினார்கள், செய்தித்தாளில் குத்தினார்கள், அத்தை தூங்கும்போது அவள் விசிறியில் குத்தினார்கள். பழக வேண்டும் என்று தெருவில் இருந்த விளக்குக் கம்பத்தையும், அதன் அடியில் படுத்திருந்த நாயையும், நாய் எழுந்து போன பிறகு காலி இடத்தையும் படம் பிடித்தார்கள். காலி இடம் எதற்கு என்று சின்னக்கா கேட்டாள். "உனக்குப் புரியாது, அது கம்போசிஷன்" என்றான் ஃபோகஸ்.

அந்தச் சுருள்தான் இன்னும் கேமராவுக்குள் இருந்தது.

"யாரும் ஆடக்கூடாது. பெரியக்கா, நீ மூச்சுகூட விடாத. சின்னக்கா, கொஞ்சம் சிரி."

"உன் மூஞ்சியப் பாத்தா சிரிப்பு தானா வருது. நீ சொல்லவே வேண்டாம்."

"மாமி, கண்ண மூடாதீங்க. மாமா! இங்க பாருங்க. கேமராவப் பாருங்க மாமா."

க்ளிக்.

"மாமா, நீங்க கேமராவப் பாக்கவே இல்ல. இன்னொண்ணு. பெரியக்கா, திரும்பாத! திரும்பினா படம் கெட்டுடும். மாமா, ப்ளீஸ், இங்க!"

க்ளிக். க்ளிக். ஒவ்வொரு முறையும் ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது அது வெண்ணெயில் விரல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. முப்பத்தாறு படச் சுருள். எண் காட்டும் சின்ன ஜன்னல் முப்பத்தாறைத் தாண்டியும் லீவர் நிற்கவில்லை. தம்பி முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"எல்லாருக்கும் முப்பத்தாறுல நின்னுடும்" என்றான் ஃபோகஸ், கேமராவை ஒரு தட்டுத் தட்டி. "தொழில் தெரிஞ்சவன் கையில ஃபிலிம் தானா நீளும்."

"அப்படின்னா உங்க மாமா சம்பளத்தையும் உன் கையிலயே குடுத்துடறோம்ப்பா. கொஞ்சம் நீட்டிக் குடு" என்றாள் அம்மா. அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தீப்பெட்டி நழுவி, பெரியக்காவின் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, அவளும் சிரித்தாள். அப்பா மட்டும் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பெரியக்கா கிளம்பினாள். அப்பா வாசல்வரை வந்தார். "பத்திரமாப் போகச் சொல்லு" என்றார் அம்மாவிடம்.

அதன் பிறகு சின்னக்கா தினமும் போட்டோவைக் கேட்டாள். முதலில் "ஸ்டுடியோவுல கூட்டம்" என்றார்கள். பிறகு "பேப்பர் சரியில்ல, நல்ல பேப்பர் வரணும்" என்றார்கள். ஒரு நாள் தம்பி, "கலர் கரெக்‌ஷன் நடக்குது" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

"நில்லு. கறுப்பு வெள்ளைப் படத்துல என்னடா கலர் கரெக்‌ஷன்?"

தம்பி ஃபோகஸைப் பார்த்தான். ஃபோகஸ் கூரையைப் பார்த்தான். பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்துவந்து மேசை மேல் வைத்தார்கள். சின்னக்கா அதை விரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கண்ணாடி நாடா போல இருந்தது. அந்தப் பக்கம் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் பளிச்சென்று தெரிந்தன.

ஃபிலிமின் நுனியைக் கேமராவுக்குள் இருக்கும் உருளையில் செருகிவிட வேண்டுமாம். இவர்கள் செருகியது முதல் நாளே கழன்றுவிட்டது. லீவர் வெறும் காற்றைச் சுற்றியிருக்கிறது. கம்பமும் இல்லை, நாயும் இல்லை, நாய் போன இடமும் இல்லை. ஸ்டுடியோக்காரர் திட்டவில்லையாம், "நானும் முதல்முதல்ல எடுத்த கல்யாணத்துல இப்படித்தான்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாராம். அதுதான் ரொம்ப வலித்தது என்றான் ஃபோகஸ்.

சின்னக்கா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். மேசை மேல் அன்று காலை வந்த பெரியக்காவின் கடிதம் கிடந்தது. அதை எடுத்து, திட்டுவதற்குப் பதிலாக அதன் கடைசிப் பத்தியை வாசித்தாள்.

'போட்டோவைச் சீக்கிரம் அனுப்பு. அப்பா எனக்குப் பின்னால் நின்றார், என்னால் பார்க்க முடியவில்லை. கோபமாகத்தான் நின்றாரா? படம் வந்தால் அவர் முகம் தெரிந்துவிடும். இங்கே வேலை முடிந்து அறைக்கு வந்தால் அதைத்தான் யோசித்துக்கொண்டு படுக்கிறேன்.'

தம்பி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

சின்னக்கா ஒரு தாளை எடுத்தாள். வலது மூலையில் தேதி போட்டாள். 'அன்புள்ள பெரியக்காவுக்கு, படம் விழவில்லை' என்று முதல் வரியிலேயே எழுதினாள். பிறகு ஃபோகஸைப் பார்த்து, "உக்காரு. ஓட்டையில கண்ண வெச்சு நீ பாத்தது என்னவோ, அத இடமிருந்து வலமாச் சொல்லு. ஒண்ணையும் சேக்காத, ஒண்ணையும் விடாத" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதலில் எல்லாம் குழம்பியது. அம்மா கையில் என்ன இருந்தது? சாவிக்கொத்து என்றான் தம்பி. இல்லை, மூக்குக்கண்ணாடி, படத்துக்காகக் கழற்றி மடியில் வைத்திருந்தாள் என்றான் ஃபோகஸ். அத்தை செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தாள். பெரியக்காவின் பின்னல் நாற்காலி முதுகுக்கு வெளியே தொங்கியது. சின்னக்காவின் ஒரு தோள் இறங்கியிருந்தது. "அப்பவே சொல்லலாம்னு நினைச்சேன். நீ அடிப்பேன்னு விட்டுட்டேன்."

"அப்பா?"

"மாமா கேமராவப் பாக்கவே இல்ல. அதான் அப்படிக் கத்தினேன்."

"தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்குத் தெரியும், பக்கத்துலதானே நின்னேன்."

"தரை இல்ல." ஃபோகஸ் கண்ணைத் திறந்தான். "பெரியக்கா தலையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. எல்லாப் படத்துலயும். ஒரு தடவைகூட அந்தப் பார்வைய எடுக்கல."

சின்னக்காவின் பேனா நின்றது. பிறகு எழுதியது.

அடுத்த அறையில் செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. அப்பா வந்து வாசற்படியில் நின்றார். அலுவலகத்தில் அவர் தட்டச்சர். ஓர் எழுத்துத் தவறினாலும் முழுத் தாளையும் திரும்ப அடிக்கிறவர். உள்ளே வந்து, சின்னக்காவின் தோளுக்கு மேலாக எட்டி மெதுவாகப் படித்தார்.

"கை எங்க இருந்துச்சுன்னு எழுதினியா?"

"நாற்காலி முதுகுலன்னு எழுதியிருக்கேன்ப்பா."

"நாற்காலி முதுகுலதான். ஆனா அங்க அவ பின்னல் கிடந்துச்சு. கை பட்டா திரும்பிடுவா, திரும்பினா படம் கெட்டுடும்னு இவன் கத்திக்கிட்டே இருந்தான். அதனால விரல மடக்கிக்கிட்டேன்." தொண்டையைச் செருமினார். "இல்லேன்னா..."

சின்னக்கா தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

"இதையும் எழுதணுமாப்பா?"

"நடந்ததத்தானே எழுதற? எழுது."

எழுதினாள். 'இல்லேன்னா' என்ற சொல்லையும் விடாமல், அதன் பின்னால் மூன்று புள்ளிகளோடு எழுதினாள். கடைசியில், படத்துக்கு வெளியே நின்றவர்கள் என்று தலைப்பிட்டு, முக்காலியையும் போர்வையையும் தம்பியையும் சேர்த்தாள். தம்பி அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டான்.

உறையின் மேல் விலாசத்தை அப்பாவே எழுதினார். மகளின் பெயரை அச்சு மாதிரி, ஒவ்வோர் எழுத்தாக. தாளை மடிக்கப் போனவர் அதை அப்படியே திருப்பி மேசை மேல் வைத்தார்.

"ஸ்டாம்ப் எங்கடா?"

"தபால் ஸ்டாம்ப் இழுப்பறையில இருக்கு மாமா."

"அதில்ல. உங்க ஸ்டாம்ப். படம்னா பின்னாடி ஸ்டாம்ப் இருக்கணும்ல?"

ஃபோகஸ் ஓடிப்போய் எடுத்துவந்தான். மைப்பெட்டி காய்ந்திருந்தது, தம்பி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டான். அப்பா ஸ்டாம்பை வாய்க்கு அருகில் கொண்டுபோய் ஒருமுறை ஊதி, தாளின் பின்பக்கம் நடுவில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். மை உலரும்வரை காத்திருந்தார். பிறகு மடித்து, உறைக்குள் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, இழுப்பறையிலிருந்து தபால் ஸ்டாம்பையும் எடுத்து ஒட்டி, "நானே போட்டுட்டு வரேன்னு சொல்லு" என்று, பழக்க தோஷத்தில், அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஜன்னல் வழியே மூவரும் பார்த்தார்கள். தெருமுனையில் அவர் நின்று, உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்து, தபால் பெட்டியின் வாய்க்குள் கையை மணிக்கட்டுவரை விட்டு, போட்டார்.