கரையேறிய கணம்

மாதா கோயில் மணி திடீரென்று அடிக்கத் தொடங்கியது. பூசைக்கு அடிக்கிற மணி அல்ல. கயிற்றை யாரோ வெறிபிடித்தாற்போல இழுக்கிற சத்தம்.

காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு, கேமராவை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்திருந்த ஜெயகணேஷ் துள்ளி எழுந்தான். கீழவைப்பார் கடற்கரையில் ஊரே ஓடிக்கொண்டிருந்தது.

"வள்ளம் தெரியுது! கிளாட்வின் வள்ளம்லா!"

சில நாளுக்கு முன் எஞ்சின் நின்று கடலோடு போன வள்ளம். அந்தச் செய்திக்காகத்தான் அவன் வந்து காத்திருந்தான். முந்தின நாள்தான், நடுக்கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து சொல்லியிருந்தார்கள். அது கிளாட்வினுடையதுதான் என்று ஊர் பயந்து கிடந்தது. இப்போது கிளாட்வின் வள்ளத்தை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்துகொண்டிருந்தது.

ஜெயகணேஷ் ஓடினான். முழங்கால் தண்ணீரில் இறங்கி, கடலுக்கு முதுகு காட்டி நின்றால்தான் கரையில் காத்திருப்பவர்களின் முகம் கிடைக்கும். வள்ளத்திலிருந்து இறங்கிய கிளாட்வின் அவனைத் தாண்டித் தள்ளாடி நடந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒரு பெண் கிளாட்வினைக் கட்டிப்பிடித்தாள். ஜெயகணேஷ் விடாமல் சொடுக்கினான். பிறகு திரையைப் பார்த்தான்.

எல்லாம் வெள்ளை. ஏசிக் குளிரில் கிடந்த லென்ஸ், உப்புக்காற்று பட்டதும் வியர்த்துவிட்டிருந்தது. தூத்துக்குடியில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறவன் அவன். மண்டபத்து ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸைக் கொஞ்ச நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடவேண்டும் என்று உதவியாளர்களைத் திட்டுகிறவனே அவன்தான். மணிச் சத்தத்தில் அது மறந்துபோயிற்று.

சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டு கரையேறினான். அதற்குள் யாரோ கிளாட்வின் கையில் காகிதக் கப்பில் டீ கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் அந்தப் பெண் சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஜெயகணேஷின் வாய் தன் பழக்கத்தில் பேசியது.

"தங்கச்சி, இன்னொரு தடவ. முதல்ல கட்டிப்பிடிச்சியள்லா, அதே மாதிரி."

வள்ளத்தை இழுத்து வந்தவர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்த பாண்டியராஜன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உள்ளூர்ப் பத்திரிகையின் மூத்த போட்டோகிராபர்.

"ஏலே ஜெயகணேசு, நல்லவேள, மாலைய மாத்தச் சொல்லாம விட்டியே!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஜெயகணேஷைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மெதுவாக நெருங்கிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டாள். வேண்டிய படங்கள் கிடைத்து, ஜெயகணேஷ் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்த பிறகும் அவள் விடவில்லை.

டீக்கடை ஓரத்தில் ஒரு ஐஸ் பெட்டிமேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தான். இரண்டு வருடமாக ஒரு செய்தி ஏஜென்சிக்குப் படம் அனுப்புகிறான். உப்பளம், துறைமுகம், குலசேகரன்பட்டினம் தசரா. எதுவும் மாநிலம் தாண்டியதில்லை. தெற்குக் கடற்கரைக்கு நிரந்தரமாக ஒரு ஆளைப் போடப்போகிறோம், நல்ல படமாக ஒன்று அனுப்புங்கள் என்று சென்னை டெஸ்க்கில் ரம்யா சொல்லியிருந்தாள். அந்த ஒன்று இதோ இருந்தது. இரண்டாம் தடவை எடுத்த படத்தில் அந்தப் பெண்ணின் கண்கள் இறுக மூடியிருந்தன. விரல்கள் அவன் முதுகுச் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தன. பின்னால் கலங்கலாக வள்ளம்.

ஓரத்தில், அவள் முதுகுக்குப் பின்னால், கிளாட்வின் கையில் காகிதக் கப்.

வள்ளத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவன் கையில் டீ எப்படி வரும்? ஏஜென்சி சட்டம் ரொம்பக் கறார். படத்தில் எதையும் அழிக்கக்கூடாது. ஆனால் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். வெட்டினான். கப் போய்விட்டது. சின்ன அளவில் ஒரு பிரதியை ரம்யாவுக்கு அனுப்பிவிட்டு, கேப்ஷன் எழுத உட்கார்ந்தான். யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது. 'கீழவைப்பாரில் கரையேறிய கணத்தில் மீனவர் கிளாட்வினை அவரது மனைவி...' அங்கேயே நின்றது. 'கரையேறிய கணத்தில்' என்பதை அழித்தான். திரும்பத் தட்டினான். எழுந்து நின்றான், உட்கார்ந்தான். டீ ஆறி ஆடை படிந்தது.

போன் அடித்தது.

"ஜெயகணேஷ், பிரமாதம்! டெல்லியிலயும் பிடிச்சுப்போச்சு. வெளிநாட்டு சர்வீஸ்ல போகும். கேப்ஷன் எங்க?"

"தட்டிக்கிட்டிருக்கேன் மேடம்."

"சீக்கிரம். அப்புறம் ஒண்ணு, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். செட்டப் இல்லையே?"

"மேடம்... இங்கன சிக்னல் சரியில்ல மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

பாண்டியராஜன் வடையோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்னல, பேயறஞ்ச மாதிரி இருக்க?"

ஜெயகணேஷ் சொன்னான்.

"இதுக்கா? நான் எடுத்த ஒரு விழாவுல எம்.எல்.ஏ. ஒரே மரக்கன்ன மூணு தடவ நட்டாருல. கன்னு அன்னைக்கே செத்துப்போச்சு, படம் முத பக்கத்துல வந்துச்சு. கப்ப வெட்டிட்டேல்லா? பேசாம அனுப்பு."

"போஸ்னு கேப்ஷன்ல போட்டுட்டா?"

"போட்டா எவன் எடுப்பான்? வேலையும் போச்சு, படமும் போச்சு."

அது உண்மைதான். ஜெயகணேஷ் திரையையே பார்த்தான். எத்தனை மாப்பிள்ளைகளைத் தாலியில் கைவைத்தபடி அப்படியே நிற்கச் சொல்லியிருப்பான்! அது உறுத்தியதே இல்லை. கல்யாண ஆல்பத்தில் படத்துக்குக் கீழே எழுத்து கிடையாது. இங்கே கீழே எழுத்து இருக்கிறது, அதன் கீழே தன் பெயர் இருக்கிறது. வேலை கிடைத்துவிட்டால் நாளைக்கு ஒரு விபத்துக்குப் போவான், ஒரு சாவுக்குப் போவான். அங்கேயும் இந்த வாய் இன்னொரு தடவை என்று கேட்குமா?

அதற்குமேல் யோசித்தால் மனசு மாறிவிடும் என்று பயந்தவன்போல, வெள்ளையாய்ப் போன முதல் படங்களில் கொஞ்சம் உருவம் தெரிகிற ஒன்றைத் தேடி எடுத்தான். அதில் கிளாட்வின் தோளுக்கு மேலே அவள் கண்கள் திறந்திருந்தன. கேமராவைப் பார்த்துவிட்டாள் என்று முதலில் சலித்துக்கொண்டான். பெரிதாக்கிப் பார்த்தபோது, பார்வை கேமராவில் இல்லை. தன்னைத் தாண்டி, தனக்குப் பின்னால் கடலில் எங்கேயோ இருந்தது. 'கரையேறிய கணத்தில்' என்று முழுசாகத் தட்டி அனுப்பினான்.

உடனே போன் வந்தது.

"என்னங்க இது, கொடைக்கானல் மாதிரி இருக்கு?"

"லென்ஸ் வேர்த்துட்டு மேடம். இதுதான் நடந்தப்ப எடுத்தது."

"அப்ப அது?"

"நான் சொல்லி நின்னது. அவங்க மேல தப்பில்ல."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அத நிறுத்தச் சொல்லிடறேன்" என்றாள் ரம்யா. குரலில் கோபமா நிம்மதியா என்று பிடிபடவில்லை. "இத டெல்லிகிட்ட காட்டறேன், எடுப்பாங்களான்னு தெரியாது. அந்த வேலை விஷயமும் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தப் பொண்ணு பேர் என்ன? மனைவிதானே? நேர்ல கேட்டு உறுதி பண்ணுங்க."

"உருப்படமாட்டலே நீ" என்றார் பாண்டியராஜன். மிச்சமிருந்த வடையை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பாயில் கிளாட்வின் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் அவன் கணுக்காலைப் பிடித்திருந்தாள். ஜெயகணேஷைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"பேரு என்ன தங்கச்சி? கிளாட்வின் வீட்டுக்காரிதானே?"

"ஆமாண்ணே. அல்போன்சா." அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, "மறுக்கா எடுத்தியள்லா, அதானே பேப்பர்ல வரும்?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. முதல்ல எடுத்ததத்தான் அனுப்பியிருக்கேன். அதுதான் நெசம். மத்தது நான் சொல்லிச் செஞ்சதுல்லா."

லேப்டாப்பைத் திறந்து காட்டினான். மூட்டத்துக்குள் தெரிந்த தன் முகத்தை அல்போன்சா வெகுநேரம் பார்த்தாள். அந்தத் திறந்த கண்களைத் தொடப்போகிறவள்போல விரலை நீட்டி, தொடாமல் மடக்கிக்கொண்டாள்.

"இதுல நான் அவரப் புடிச்சிக்கிட்டே கடல்ல அவரத்தான் தேடுதேன், நீங்க மறுக்கா புடிக்கச் சொன்னப்பதாண்ணே அவரு ஒடம்புச் சூடு தெரிஞ்சுது, ஆளு வந்துட்டாருன்னு நம்புனேன்."