மூன்றாவது கட்டி

வெல்டருக்கு மாதக்கணக்கில் வயிற்றில் குமட்டல். ஆள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிருந்தார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் மூன்று கட்டிகள்.

"இந்த மாதிரிக் கட்டிய இருபது வருஷத்துல ரெண்டே தடவைதான் பார்த்திருக்கேன்," என்றார் டாக்டரம்மா. "விட்டுவெச்சா ஆபத்து. வயித்தைக் கிழிக்காம, வாய் வழியாவே அறுத்து எடுத்துடலாம்."

"தினமும் நான் இரும்ப அறுக்கறேன். இன்னைக்கு என் முறை," என்று வெல்டர் சிரித்தார்.

கூட வந்த தம்பி சிரிக்கவில்லை. லாரி ஓட்டுகிறவன். அவனுக்குக் கை முந்தும், வாய் பிந்தும். தாய்தகப்பன் இல்லாத அவனைத் தூக்கி வளர்த்தவர் அண்ணன்தான்.

முதல் இரண்டு கட்டிகளும் சுலபமாக வந்தன. மூன்றாவதன் காம்பு விரல் தடிமன். கம்பிச் சுருக்கை மாட்டி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்ததும் ரத்தம் பீய்ச்சி அடித்தது. திரை முழுக்கச் சிவப்பு. டாக்டரம்மா ரத்தக்குழாயைக் கவ்வும் கிளிப் இரண்டு போட்டு, பத்து நிமிஷம் பார்த்தார். நின்றுவிட்டது.

நின்றது ஒரு மணி நேரம்தான். வார்டில் வெல்டர் எழுந்து உட்கார்ந்து, கட்டில், தரை, தம்பியின் சட்டை எல்லாம் நனைய ரத்தம் கக்கினார். நர்ஸ் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா ஓடி வந்தார். தம்பி வாசலை மறித்தான்.

"எங்கண்ணனக் கொன்னுட்டியேடீ!"

சலைன் தொங்கவிடும் இரும்புக் கம்பத்தைப் பிடுங்கிச் சுழற்றினான். தடுக்க வந்த வார்டுபாயின் முன்கை மளுக்கென்று ஒடிந்தது. அடுத்த வீச்சு டாக்டரம்மாவின் புருவத்தைப் பிளந்தது. விழுந்தவரின் விலாவில் உதைத்தான். முடியைப் பற்றித் தலையைச் சுவரில் மோதினான். நர்ஸ் கையிலிருந்த மருந்துத் தட்டால் அவன் முகத்தில் ஓங்கி அறைந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, ஒரு நொடி தடுமாறினான்.

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது.

"இன்னும் அடிக்கணும்னா அப்புறமா அடி. உள்ள உங்கண்ணனுக்கு ரத்தம் போயிட்டிருக்கு. வழிய விடு."

அவன் கையிலிருந்து கம்பம் நழுவியது. காவலாளிகள் அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள்.

மறுபடி குழாய் உள்ளே போனது. அரை மயக்கத்தில் இருந்த வெல்டர் திமிறி, குழாயைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் அவர் கைகால்களை அழுத்திப் பிடித்தார்கள். டாக்டரம்மாவின் புருவத்தில் நர்ஸ் பஞ்சை அழுத்திக்கொண்டே நின்றாள். உறைந்த ரத்தத்துக்கு நடுவே, ஒரு கிளிப் கழன்றுபோன இடம் தெரிந்தது. ஒற்றைக் கண்ணால் குறிபார்த்து மூன்று கிளிப்களைப் போட்டார். மூன்றாவது கடித்ததும் பீய்ச்சல் அடங்கியது. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

நாலாம் நாள், புருவத்தில் ஒன்பது தையலோடு வெல்டரின் கட்டிலருகே வந்தார்.

"பரிசோதனை முடிவு வந்துடுச்சு. புத்துநோய் இல்ல."

வெல்டர் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"உங்க தம்பி மேல போலீஸ்ல புகார் கொடுத்திருக்கேன். வாபஸ் வாங்கச் சொல்லிக் கேக்காதீங்க."

"வாங்காதீங்கம்மா," என்றார் வெல்டர். போர்வையை முகத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதார்.