ஒரு வாக்கில் எழுந்த பாலம்

ஜெர்மனியின் ஹாலே நகருக்குத் தெற்கே, கொடிமுந்திரிச் சரிவுகளைத் தழுவிச் சாலே ஆறு வளையுமிடத்தில், இலையுதிர் காலத்து முற்பகலொன்று மூடுபனியைப் போர்த்துக் கிடந்தது. கரைமரங்கள் பொன்னிலைகளை நீரிற் சொரிய, மணிக்கூண்டின் ஓசை செவ்வோட்டுக் கூரைகளின்மேல் தவழ்ந்து தேய, அச்சிற்றூர் மூச்சடக்கி நின்றது. ஊர்தியுறுப்புகள் செய்த பேராலை வேனிலிற் கதவடைத்ததால் அறுநூறு பேர் வேலையிழந்திருந்தனர். அவர்கள் வாங்காமையாற் கடைகளும் வாடின. ஆற்றின்மேற் பழம்பாலமோ விரிசல் கண்டு அடைபட்டிருந்தது.

வருவாய் சுருங்கிய இவ்வேளையிற் கடன்பட்டேனும் பாலத்தைக் கட்டுவதா, கையைக் கட்டியிருப்பதா என முடிவுசெய்ய நகரவை கூடியது. கட்டுக என்று வழக்காடியவள், நகரத் திட்டப் பொறுப்பிலிருந்த கஜந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து ஏதிலியராய் வந்தோரின் மகள். அவள் தமையன் துவாரகன், மூடிய ஆலையில் இரும்பு பற்றவைத்தவன், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தான்.

எதிரணி முதியவர் எழுந்தார். "ஆறாண்டுகளுக்கு முன் பள்ளிக் கட்டடத்துக்கும் இதையே சொன்னீர்கள். கொட்டிய பொருளுக்குக் கண்ட பயன் என்ன?"

இக்கதை படிக்கும் கற்றறிந்தீர், அவ்வினாவைக் கஜந்தி மழுப்பவில்லை. எழுந்து நேராக விடையளித்தாள்.

"பயன் சிறிது. பிழை என்னுடையது. அன்று இவ்வட்டாரத்துக் கொத்தர் ஒருவரேனும் ஓய்ந்திருக்கவில்லை. ஒரு வேலையில் நின்றவரை மற்றொன்றுக்கு இழுத்தோம். விலை ஏறியதேயன்றி விளைவு ஏறவில்லை. இன்றோ அறுநூறு பேர் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் பெறும் ஊதியம் அடுமனைக்குப் போகும்; அடுமனைக்காரர் கையிலிருந்து தையற்கடைக்குப் போகும். அதே செலவுதான், காலம் வேறு."

"காத்திருப்போரில் உங்கள் தமையனும் ஒருவரன்றோ?" என்றார் முதியவர்.

அவையிற் சலசலப்பெழுந்தது. அச்செய்தியைக் கஜந்தி நகரத் தலைவருக்கு முன்னரே எழுத்தில் அறிவித்திருந்தாள். ஆயினும் ஐயம் மூண்ட முகங்களை அவ்வெழுத்து தணிக்காதென உணர்ந்தாள். "ஆம். இப்பாலத்தில் என் தமையன் ஒருநாளும் வேலை செய்யார்" என்றாள், சொல்லி முடித்தபின்னரே தான் கொடுத்த வாக்கின் பாரம் அவளுக்கு விளங்கிற்று.

கைகள் உயர்ந்தன. பதினொருவர் வேண்டாமென்றனர், பதினொருவர் வேண்டுமென்றனர். இறுதிவரை தலைகுனிந்திருந்த அவை உறுப்பினரான மருந்துக்கடைக்காரி, கட்டுகவென்று மெல்லக் கையுயர்த்தினாள். பாலம் பிழைத்தது.

வெளிப்படிகளில் துவாரகன் நின்றான்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, கஜந்தி?"

"கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பியளோ அண்ணை?"

"இல்லை." அவன் ஒரு படி இறங்கினான். "ஆனா இனி மாத்த ஏலாது. மாத்தினா உன்னை ஒருத்தரும் நம்பமாட்டினம். மியூனிக்கிலை ஆள் தேடுகினமாம். திங்கட்கிழமை போறன்."

"பிள்ளையள்?"

"பள்ளிக்கூடத்தை இடையிலை விட ஏலாது. தாயோடை இங்கையே இருக்கட்டும்."

அவள் அழுதாள், அவன் தேற்றவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை.

பனிக்காலம் கழிந்ததும் பணி தொடங்கிற்று. ஆலையிழந்தோர் சாரமேறினர், அடுமனையின் அணைந்த அடுப்பு மீண்டும் எரிந்தது, பூட்டிய கடைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன, செலவிட்டதினும் மிகுதியாய் ஊரின் ஆக்கம் வளர்ந்ததென்று, எதிர்த்த முதியவரே அவையில் ஒப்புக்கொண்டார். அனைவரும் கஜந்தியைப் பாராட்டினர். அவளோ ஞாயிறுதோறும் அந்திக்கு முன் தொடர்வண்டி நிலையத்துக்குப் போவாள். வார இறுதியில் வீடு வந்து திரும்பும் துவாரகன் தெற்கே செல்லும் வண்டியில் ஏற, அவன் இளைய மகள் சாளரத்தோடு சேர்ந்து ஓடி, மேடை முடியுமிடத்தில் நிற்பாள். ஒருமுறை அச்சிறுமி திரும்பி, "மாமி, அப்பாவுக்கு மட்டும் ஏன் இங்கை வேலை இல்லை?" என்று கேட்டாள். ஓரூரின் அவைக்கு விடை சொன்னவள், அக்குழந்தையின் கழுத்துத்துணியைச் சரிசெய்து, கைபற்றி வீட்டுக்கு அழைத்துச் சென்றாள்.

காலமறிந்து ஈயப்படும் பொதுப்பொருள் பலரை வாழ்விக்கும். அவ்வாழ்வின் விலையை எங்கோ ஒருவர் ஓசையின்றிச் செலுத்திக்கொண்டிருப்பர்.